இழை: தங்கப் பதக்கத்தில் ஏதென்ஸ் ஆந்தைக் காசு, கூடவே ஓர் எகிப்து வண்டு – வாங்கலாமா?

#1 சிங்கைக்காரன்

வணக்கம். ஐரோப்பாவில் ஒரு விற்பனையாளர் இரண்டு பொருளைச் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்கிறார்.

முதலாவது, ஏதென்ஸ் வெள்ளி டெட்ராடிராக்ம், அதாவது நாலு டிராக்மா மதிப்புள்ள பழங்காலக் கிரேக்கக் காசு. ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் ஆந்தை. 18 காரட் தங்க வளையத்தில் நாலு நகம் வைத்துப் பிடித்த பதக்கம். மொத்த எடை 21.9 கிராம். "காசு மட்டும் 17.1 கிராம் இருக்கும், கழற்றிப் பார்க்கவில்லை" என்கிறார்.

இரண்டாவது, 16 மி.மீ. எகிப்து ஸ்காரப், அதாவது வண்டு வடிவில் செதுக்கிய பழைய தாயத்து. நீலப்பச்சை மெருகு பாதி போய்விட்டது. அடியில் மூன்றாம் துட்மோசின் பெயர். அந்த அரசர் காலத்தது என்கிறார்.

காகிதம் என்று கேட்டால் "பழைய சுவிஸ் சேகரிப்பு" என ஒரு வரி வருகிறது. பதக்கத்தைத் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை கொண்டுபோக எண்ணம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

#2 நாணயக்கிழார்

தம்பி, "17.1 இருக்கும்" என்பது எடை அல்ல, ஆசை. ஏதென்ஸின் ஆட்டிக் எடைமுறையில் டெட்ராடிராக்ம் 17.2 கிராம் சுமார். கி.மு. 454 முதல் 404 வரை அடித்த ஆந்தைகளில் நல்ல நிலையில் இருப்பவை 17.0 முதல் 17.2க்குள் நிற்கும். விற்பவர் புத்தகத்து எடையைச் சொல்கிறார், காசின் எடையை அல்ல.

முதல் வேலை, கழற்றச் சொல்லுங்கள். நாலு நகம்தானே, பற்றவைத்து மூடியதில்லை. கழற்ற மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வளையத்துக்குள் இருக்கும்போது காசின் விளிம்பு தெரியாது. போலியின் கதை முழுக்க விளிம்பில்தான் எழுதியிருக்கும்.

படத்தில் பார்க்கக்கூடியவை சில உண்டு. அதீனாவின் கண் பக்கவாட்டு முகத்தில் இருந்தாலும் நேராகப் பார்ப்பது போல வாதுமை வடிவில் இருக்க வேண்டும். கண்ணும் பக்கவாட்டாக இருந்தால் அது நாலாம் நூற்றாண்டுக் காசு. தலைக்கவசத்தில் மூன்று ஒலிவ இலை. ஆந்தைக்குப் பின்னால் ஒலிவக் கிளையும் பிறையும், முன்னால் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று மூன்றெழுத்து. கவசத்தின் கொண்டை பாதி வெட்டுப்பட்டு வெளியே போயிருந்தால் பயப்பட வேண்டாம், இந்தக் காசுகளில் பெரும்பாலும் அப்படித்தான். அச்சு முழுசாக, நட்டநடுவில், வட்டம் சுத்தமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

#3 பத்தர்தெரு

வளையக் கணக்கை நான் போடுகிறேன். காசு சுமார் 24 மி.மீ. என்றால் சுற்றளவு 75 மி.மீ. நாலு மி.மீ. உயரம், 0.4 மி.மீ. தடிமன் பட்டை என்று வையுங்கள். 75 × 4 × 0.4 = 120 கன மி.மீ. 18 காரட் தங்கம் கன செ.மீ.க்குப் பதினைந்தரை கிராம் அளவில். ஆக பட்டை 1.9 கிராம். நகம், கொக்கி, மேல் வளையம் எல்லாம் சேர்த்தாலும் மூன்றரையைத் தாண்டுவது கடினம். கனமாகச் செய்திருந்தால் நாலரை. 21.9இலிருந்து 17.1 போனால் மீதி 4.8. முடியாததில்லை, ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் வருகிறது. தலைகீழாகப் பார்த்தால், வளையம் ஆறரை கிராம் கனமாக இருந்து காசு பதினைந்து சொச்சமாகவும் இருக்கலாம். கழற்றாமல் தெரியாது.

ஒன்று கேளுங்கள்: வளையத்தில் எங்காவது காசை ஒட்டிப் பொடி வைத்து ஊதி (பற்றவைத்து) இருக்கிறதா? ஊதியிருந்தால் காசு 650 டிகிரிக்கு மேல் சூடு கண்டிருக்கும். மேல்தோலின் பழமை நிறம் போயிருக்கும், வெங்காரம் விளிம்பில் கண்ணாடி போலப் படிந்திருக்கும். அப்படிப்பட்டதைச் சேகரிப்பாளர்கள் "நகையில் இருந்தது" என்று குறித்து விலையைக் கீழே தள்ளிவிடுவார்கள்.

#4 வண்டுப்பித்தன்

ஸ்காரப்புக்கு வருகிறேன். "துட்மோஸ் பெயர் இருக்கிறது, ஆகவே துட்மோஸ் காலம்" என்பது இந்தத் துறையிலேயே பழைய தப்பு. மென்கெபெர்ரே என்ற அவருடைய அரியணைப் பெயர் ஒரு காப்பு மந்திரம் போல ஆகிவிட்டது. அவர் இறந்து பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பட்டறைகள் அதே பெயரைப் பொறித்தன. காலத்தைச் சொல்வது பெயரல்ல, உடம்பு: தலை எப்படி வெட்டியிருக்கிறது, இறக்கைக்கு நடுக்கோடு ஒன்றா இரண்டா, கால்கள் தனித்தனியாகச் செதுக்கியிருக்கின்றனவா அல்லது பக்கத்தில் ஒரு கீறலா.

பொருள் பெரும்பாலும் ஸ்டியடைட், நம்மூர் மாக்கல்லுக்குச் சொந்தக்காரன். செதுக்கும்போது நகத்தால் கீறலாம். மெருகு பூசிச் சூளையில் வைத்த பிறகு இறுகிக் கத்திக்கும் மசியாது. இன்றைய சுற்றுலாக் கடைப் போலிகளில் பல, சுடாத மாக்கல். அடியில் ஓரத்தில் மரக்குச்சியால் அழுத்தினாலே பொடி வரும். இன்னொரு வகை பிசின் வார்ப்பு. இது கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், கல் சில்லென்று இருக்கும்.

நீளவாக்கில் ஓடும் துளையைப் பாருங்கள். இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்திருப்பார்கள், அதனால் உள்ளே சிறு படி இருக்கும். நூல் தேய்த்த இடத்தில் வாய் மழுங்கியிருக்கும். ஒரே அளவில் நேராகப் போகும் துளை, கூர்மையான வாய் என்றால் இயந்திரத் துளைப்பான்.

சூடான ஊசி வைத்துப் பார் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பிசினா என்று அறிய 365 நானோமீட்டர் யூ.வி. டார்ச் போதும். பிசினும் புதுப் பசையும் நீலவெள்ளையாக ஒளிரும்.

#5 சட்டப்புள்ளி

எல்லாரும் பொருளைப் பார்க்கிறீர்கள். நான் அந்த "பழைய சுவிஸ் சேகரிப்பு" வரியைப் பார்க்கிறேன். அது ஆதாரம் இல்லை, வாசனைத் திரவியம்.

எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் வரும்வரை உரிமம் பெற்ற வியாபாரிகள் விற்கலாம், அனுமதி வாங்கி வெளியே அனுப்பலாம். கெய்ரோ அருங்காட்சியகத்திலேயே விற்பனை அறை ஒன்று இருந்தது. ஆகவே 1983க்கு முன் வெளியேறிய ஸ்காரப்புகள் உலகில் ஏராளம், முறைப்படி வந்தவையும் அவற்றில் ஏராளம். கேள்வி, உங்கள் வண்டு அதில் ஒன்று என்று எது காட்டுகிறது? பழைய ஏல அட்டவணையின் எண்ணும் படமும், தேதி போட்ட ரசீது, சேகரிப்பாளரின் கையெழுத்து அட்டை, பழைய கப்பல் ஆவணம். இதில் ஒன்றாவது வேண்டும். அருங்காட்சியகங்கள் பொதுவாக வைக்கும் கோடு 1970, யுனெஸ்கோ ஒப்பந்த ஆண்டு.

காகிதம் இருந்தாலும் படித்துப் பார்க்க வேண்டும். நெட்ஜெமான்க் என்ற பூசாரியின் பொன் பூசிய சவப்பெட்டியை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. கூடவே 1971ஆம் ஆண்டு எகிப்திய ஏற்றுமதி உரிமம். உரிமம் போலி. பெட்டி எகிப்தின் 2011 புரட்சிக் குழப்பத்தில் களவுபோனது என்று தெரிந்து 2019இல் எகிப்துக்குத் திரும்பியது. அந்த உரிமத்தின் தேதியில் நாட்டின் பெயர் இன்னும் ஐக்கிய அரபுக் குடியரசு, முத்திரையிலோ அதற்கப்புறம் வந்த பெயர். அத்தனை வல்லுநர்கள் இருக்கும் இடத்திலேயே அது கண்ணில் படவில்லை.

கிரேக்கப் பொருளுக்கு 2002ஆம் ஆண்டின் 3028ஆம் எண் சட்டம். மண்ணிலிருந்து வருவது அரசுடையது. காசுக்கும் அதே விதி. சீசரைக் கொன்ற நாளைக் குறித்துப் புரூட்டஸ் கி.மு. 42இல் அடித்த "மார்ச் 15" பொற்காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போய், கைமாறிய வரலாறு பொய் என்று தெரிந்து, 2023இல் கிரீசுக்குத் திருப்பப்பட்டது.

இப்போது சென்னை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு, சிற்பம் முதலியவற்றைத் தொல்பொருள் என்கிறது. காசு எந்த நாட்டில் அடித்தது என்று கேட்பதில்லை. உள்ளே வந்த பிறகு வெளியே எடுத்துப்போவது மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் மட்டுமே செய்யக்கூடியது. கல்யாணத்துக்குக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் மாட்டினால், "இது கிரேக்கக் காசு சார்" என்பது பதிலாகாது. தங்கை இங்கேயே வைத்துக்கொள்வதானால் வேறு பேச்சு. அப்போதும் இறக்குமதி அறிவிப்பும் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும்.

#6 நாணயக்கிழார்

சட்டப்புள்ளி சொன்னதோடு ஒரு வேடிக்கை. தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்று சான்றிதழ் வாங்கலாம். உங்கள் ஆந்தைக்கு அது கிடைத்துவிட்டால் பயணம் சுலபம், காசு போலி.

#7 சிங்கைக்காரன்

நன்றி. கேட்டேன், கழற்றிவிட்டார்! காசு 15.31 கிராம். நீருக்குள் வைத்தும் எடை எடுக்கலாமா என்று அவரே கேட்கிறார். எப்படி எடுக்கச் சொல்வது? உள்ளூர்க் கடையில் காரட் மீட்டரில் வைத்ததில் வெள்ளி 97 சதவீதம் என்று வந்ததாம்.

#8 நாணயக்கிழார்

15.31. ம்ம்.

காரட் மீட்டரை நம்பாதீர்கள். அந்த எக்ஸ்ரே வெள்ளியில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குதான் உள்ளே போகும். மேல்தோலை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதும். கேட்பதானால் ஈயத்தின் சுவடு வந்ததா என்று கேளுங்கள். ஏதென்ஸுக்கு வெள்ளி கொடுத்த லாரியன் சுரங்கத்து வெள்ளியில் தங்கம் மிகக் குறைவு, ஆனால் ஈயத்திலிருந்து பிரித்த வெள்ளி என்பதால் கொஞ்சம் ஈயம் தங்கியிருக்கும். ஈயமே இல்லாத 99.9 என்று வந்தால் அது நம் காலத்து வெள்ளி.

நீர் எடை இப்படி:

0.01 கிராம் காட்டும் தராசு. அதன்மேல் கண்ணாடி டம்ளர், காய்ச்சி வடித்த நீர் முக்கால் பங்கு, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் (குமிழி ஒட்டாமல் இருக்க). பூஜ்யம் ஆக்கவும். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, கையால் அல்ல, ஒரு கம்பியில் தொங்கவிட்டு முழுக்க மூழ்க வைக்கவும். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது காசு தள்ளிய நீரின் எடை. வெளி எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. மூன்று தடவை எடுத்து, 0.02க்கு மேல் மாறினால் குமிழி இருக்கிறது என்று அர்த்தம்.

நல்ல ஆந்தை ஒன்று: 17.16 கிராம், நீரில் 1.65. அடர்த்தி 10.4. சுத்த வெள்ளி 10.49. தாமிரம் 8.96. ஈயம் 11.34, ஆகவே ஈயக் கருவுக்கு மேல் வெள்ளி பூசினால் எண் கூடவும் போகலாம். பத்துக்குக் கீழே வந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

#9 சிங்கைக்காரன்

மூன்று தடவையும் 1.69, 1.69, 1.68.

#10 பழங்காசு

15.31 ÷ 1.69 = 9.06. உள்ளே தாமிரம் ஐயா. எடையில் பத்தில் ஒரு பங்கு வெள்ளி, மீதி தாமிரம் என்று கணக்குப் போட்டால் 9.09 வரும். அச்சு அசலாகப் பொருந்துகிறது.

விளிம்பைப் பத்து மடங்கு லென்சில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயம் தேட வேண்டும். ஒன்று, தோல் கொப்புளித்த இடம். இரண்டு, கொப்புளம் உடைந்த இடத்தில் பச்சை. மூன்று, விளிம்பைச் சுற்றி ஓடும் நேர்க்கோடு. கோடு மெல்லியதாக, அரத்தால் தேய்த்த அடையாளத்தோடு இருந்தால் இரண்டு பாதி வார்த்து ஒட்டிய நவீனப் போலி. கோடு இல்லாமல் தகடு மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பழங்கால வெள்ளிப்பூச்சுக் காசு, ஃபூரே என்பார்கள்.

இன்றைய மின்முலாம் என்றால் தோல் மிக மெல்லிசு, பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே கனம். பழையது தடித்த தகடு. தாமிர வில்லையை வெள்ளித் தகட்டில் பொதிந்து, சூடேற்றி, பிறகு அச்சில் அடித்தது. அதனால் உயரமான இடத்தில் தகடு நீண்டு கிழியும். அதீனாவின் கன்னமும் ஆந்தையின் மார்பும்தான் முதலில் போகும்.

#11 சிங்கைக்காரன்

படம் வந்தது. விளிம்பில் கோடு இல்லை. ஆந்தையின் காலுக்குக் கீழே ஒரு மிளகு அளவு கொப்புளம், நுனியில் பச்சை. ஒரு நகம் பிடித்திருந்த இடத்தில் தோல் உள்ளே அமுங்கி விரிசல். கன்னத்தில் கைநகத்தால் கீறியது போலச் செம்பு நிறம்.

#12 நாணயக்கிழார்

அப்படியானால் பழங்காலப் போலி என்றே சாய்கிறேன். கையில் வைத்துப் பார்த்தவர்தான் முடிவாகச் சொல்ல முடியும்.

இது குப்பை இல்லை தம்பி. ஏதென்ஸில் கி.மு. 375/4இல் நிகோஃபோன் என்பவர் முன்மொழிந்த சட்டம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது, 1970இல் அகோரா என்ற பழைய சந்தைத் திடலின் அகழாய்வில். சந்தையில் பண மேசைகளுக்கு நடுவே அரசு சோதகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரும் ஒரு அடிமைதான். கொண்டுவரும் காசு வெள்ளியும் நகர அச்சும் என்றால் ஏற்றே ஆக வேண்டும். உள்ளே வெண்கலம், ஈயம் என்றால் குறுக்கே வெட்டி, கடவுள்களின் தாய்க்கு உரியது என்று நகர மன்றத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆந்தையின் மேல் உளி வெட்டு உள்ள காசுகள் நிறையக் கிடைப்பது இந்தச் சந்தேகத்தால்தான். வெட்டு விழுந்தது "சேதம்" என்று புதியவர்கள் ஒதுக்குவார்கள். எனக்கு அது பிடிக்கும், உள்ளே வெள்ளிதான் என்பதற்கு 2400 வருடத்து அத்தாட்சி.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சோடி உண்டு. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைக்குக் குறுக்கே வெட்டு. ஆனால் அங்கே சோதனைக்கா, செல்லாது என்று குறிக்கவா என்பது வேறு விவாதம்.

விலைக்கு வருவோம். வெள்ளி ஆந்தைக்கான விலையைக் கொடுக்கக் கூடாது. பூச்சுக் காசு அதில் ஒரு சிறு பங்குதான் பெறும்.

#13 பத்தர்தெரு

அதை நகையாகப் போடவும் கூடாது. வேர்வை உப்பு விரிசல் வழியே தாமிரத்தைத் தொட்டால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும், வெளியே வெள்ளித் தோல் பளபளவென்று இருக்கும்.

நல்ல வெள்ளிக் காசு கிடைத்து நகையாக்குவதானாலும் ஒழுங்கு இது. காசைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். காலிப்பரில் நாலு இடத்தில் விட்டம் எடுங்கள். கிரேக்கக் காசு வட்டமே இல்லை, ஒரு பக்கம் 23, இன்னொரு பக்கம் 25.5 என்று இருக்கும். அந்த வடிவிலேயே பித்தளையில் நகல் வெட்டி அதைக் கொடுங்கள். பத்தர் நகலை வைத்து வளையம் கட்டி, ஊதி, மெருகு போட்டு முடிக்கட்டும். காசு கடைசியில், நெருப்பெல்லாம் அணைந்த பிறகு, உள்ளே வரும். சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி. மேலே ஒரு திருகு வைத்து இறுக்கும் வளையம்தான் உத்தமம், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். பட்டையை மடக்கித் தட்டி மூடும் குளோஸ் செட்டிங் வேண்டவே வேண்டாம். மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் பொறபொறத்திருக்கும். சுத்தியல் பட்டால் பிஸ்கட் போல இரண்டாகும், நீங்கள் சொன்ன அந்த நகத்தடி விரிசலும் இப்படித்தான் வந்திருக்கும்.

22 காரட் கேட்பார்கள், அழகுதான். ஆனால் நகம் விரைவில் நெகிழும். 18 காரட் நிற்கும். சேதாரத்தை வளையத்தின் தங்க எடைக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். காசோடு சேர்த்து நிறுத்துச் சேதாரம் போட்ட ரசீதுகளையும் பார்த்தாயிற்று.

#14 வண்டுப்பித்தன்

துளை போட்ட காசாக வாங்கினால் இந்தத் தலைவலி இல்லையே? அந்த "மார்ச் 15" பொற்காசில் எஞ்சியிருக்கும் சிலவற்றில் ஒன்று துளையிட்டது, பல வருடம் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு இருந்தது. யாரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

#15 பழங்காசு

துளையிலும் பழசு புதுசு உண்டு. பழைய துளை ஆணி வைத்து ஒரு பக்கத்திலிருந்து அடித்தது. மறுபக்கம் உதடு போலப் பிதுங்கியிருக்கும், உள்சுவரும் காசின் நிறத்திலேயே இருக்கும். புதுத் துளை உருளையாக, உள்ளே சுருள் கீறலோடு, பளிச்சென்று இருக்கும். எந்த முகம் நேராக நிற்கும்படி துளைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், போட்டவர் எந்தப் பக்கத்தை ஊருக்குக் காட்டினார் என்பது அதில் தெரியும். தென்னிந்தியாவில் கிடைத்த பிற்கால ரோமப் பொற்காசுகளில் தலைக்கு மேல் அருகருகே இரண்டு துளை இருப்பது உண்டு. ஒற்றைத் துளையில் காசு சுழலும், இரண்டில் முகம் எப்போதும் முன்னால்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எகிப்தின் டாலமி வம்சத்து வெண்கலக் காசுகளில் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு குழி இருக்கும். நகைக்காகத் துளைக்கப் பார்த்து விட்டது என்று நினைக்காதீர்கள். வில்லையைத் தயாரிக்கும்போது வந்தது, பெரும்பாலானவற்றில் இருக்கும். டாலமி வெள்ளி டெட்ராடிராக்ம் 14.2 கிராம்தான், அதை 17.2உடன் ஒப்பிட்டுப் போலி என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

#16 உப்புக்காகிதம்

அந்தப் பச்சைக் கொப்புளத்தை யாரும் பெரிசாக எடுக்கவில்லை. நிறம் என்ன? கரும்பச்சை, கெட்டியாக இருந்தால் பேசாமல் விடலாம். வெளிர்பச்சை, பல்குச்சியால் தொட்டால் மாவு போல உதிர்ந்தால் வெண்கல நோய். உள்ளே குளோரைடு இருக்கிறது, காற்று ஈரம் பட்டதும் அது தாமிரத்தைத் தின்னும். சிங்கப்பூர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் போதும்.

தனியாக மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே. நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது சூடேற்றி உலர்த்த வேண்டும் என்று தெரியும். முழு வெண்கலக் காசானால் காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, தினமும் நீர் மாற்றி, உலர்த்தி, அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோல் என்ற ரசாயனம் போடலாம். அது விஷம், கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக்கூடாது. பூச்சுக் காசை ஊறவைக்காதீர்கள், தோல் கழன்று வரும்.

பி.வி.சி. உறை வேண்டாம், நாளானால் பச்சைப் பிசுபிசுப்பு விடும். பாலியெஸ்டர் உறை சரி. ஏற்கெனவே பிசுபிசுத்திருந்தால் சுத்த அசிட்டோனில் கழுவலாம்.

புளி, எலுமிச்சை, விபூதி மூன்றும் பூஜைப் பாத்திரத்துக்கு. காசுக்கு அல்ல. விபூதியால் ஒரு தேய் தேய்த்தால் அதீனாவின் முடிக்கற்றை போய்விடும்.

ஸ்காரப்பைத் தண்ணீரில் போடவே கூடாது. மெருகுக்கு அடியில் உப்பு இருந்தால் கரைந்து, காயும்போது படிகமாகி, மெருகைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். காய்ந்த மென்தூரிகை மட்டும்.

#17 சிங்கைக்காரன்

வெளிர்பச்சை. உதிர்கிறதாம். பதக்கத்தை விட்டுவிட்டேன். ஸ்காரப்புக்கு மட்டும் காகிதம் கேட்டதற்கு, 1976 தேதியிட்ட ஏல அட்டவணைப் பக்கம் ஒன்றின் நகல் அனுப்பியிருக்கிறார். அதில் "ஸ்காரப்புகள் ஐந்து, ஒரு தொகுதி" என்று இருக்கிறது, படம் இல்லை.

#18 சட்டப்புள்ளி

"ஐந்து, ஒரு தொகுதி" என்ற பக்கத்தை ஐம்பது ஸ்காரப்போடு சேர்த்து ஐம்பது முறை விற்கலாம். அளவு, பொறிப்பு, படம், இவற்றில் ஒன்றாவது உங்கள் வண்டோடு பொருந்த வேண்டும். தொகுதி எண் எழுதிய பழைய ஒட்டுத்தாள் வண்டோடு இருக்கிறதா, அன்றைய ஏல ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் காகிதத்துக்கு விலை கொடுக்காதீர்கள்.

#19 வண்டுப்பித்தன்

துளையின் வாயையும் பக்கவாட்டுக் கால்களையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் மி.மீ. அளவுகோல் வைத்து. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். நேர் ஃபிளாஷில் எல்லா வண்டும் அழகாகத்தான் இருக்கும்.